ராபுலா பக்கி பார்த்த கதை

ஜூன் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை காலை, வாய் நிறைய நுரையோடு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ராபுலா மொடிசே ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் தன் வாழ்க்கையில் இரண்டே இருக்கைகள்தான்.

அவருடைய காரில் ஐந்து இருக்கைகள் இருந்தன. அவருடைய துன்பத்துக்கெல்லாம் மூலம் அதுதான்.

மனைவி போனோலோ தேவாலயத் தாய்மார் சங்கத்தின் செயலாளர். போனோலோ என்றால் அவர்கள் மொழியில் சாந்தம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது ராபுலாவின் கட்சி. மஹிகெங் ஊரைச் சுற்றிப் பதினொரு கிளைச் சபைகள். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றுக்குப் போயாக வேண்டும். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகச் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் பின் இருக்கையில் ஏறுவார்கள். மூன்று என்பது எண்ணிக்கை. எடை வேறு. முன்னால் போனோலோ. ஓட்டுவது ராபுலா. வழியெல்லாம் பாட்டு ஒத்திகை நடக்கும். அடிக்குரலில் பாடுகிற அம்மாள் சரியாக அவருடைய பிடரிக்குப் பின்னால் உட்காருவாள். நான்கு வருடமாக ராபுலா ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

ஒரு பக்கி வாங்கிவிட்டால் தீர்ந்தது. பக்கி என்றால் அங்கே சின்ன பிக்கப் வண்டி. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பது எனக்கும் தெரியும். இந்தக் கதையில் அது வருமிடமெல்லாம் வண்டியைத்தான் குறிக்கும், ராபுலாவை அல்ல. முன்னால் இரண்டு பேர், பின்னால் திறந்த தொட்டி. இஸ்திரி போட்ட சிவப்புச் சட்டையோடு, செம்மண் புழுதியில், தொட்டியில் ஏறி உட்கார எந்தத் தாய்மாரும் சம்மதிக்க மாட்டார்கள். காரை விற்க வேண்டியது, பக்கியை வாங்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டி உட்கார வேண்டியது.

இதை வெளியே சொல்ல முடியாது. அதனால் 'தினசரி ஓட்டத்துக்கு' என்று ஒரு பெயர் கொடுத்தார்.

அந்த வாரமே வழியும் திறந்தது. ராபுலா அளவைத் துறை ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பது வேலை. இருபத்தாறு வருடமாக எந்த முள்ளையும் நம்பாதவர். வீட்டில் சர்க்கரைப் பொட்டலத்தைக்கூட எடைபோட்டுப் பார்த்துத்தான் டப்பாவில் கொட்டுவார். கறிக்கடைத் தராசுக்கு நேர் எதிரே, அவர் கண் மட்டத்தில், ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. விற்பனைக்கு, அரை டன் பக்கி, வெள்ளை நிறம், ஒரே கை ஓட்டியது, ஓய்வுபெற்ற நர்ஸ். கீழே தொலைபேசி எண். ராபுலா சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு சாப்பாட்டில் பேச்சை எடுத்தார்.

"அமோ அம்மா, நம்ம காரை வித்துட்டு ஒரு பக்கி வாங்கலாம்னு பாக்கறேன்."

அமோ அவர்கள் மகள். புளூம்ஃபன்டைனில் படிக்கிறாள். போனோலோ சோளக் களிக்குப் பக்கத்தில் கீரையை வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"வேணாம்."

"காரணம்கூட கேக்கலையே நீ."

"எந்தக் காரணமா இருந்தாலும் வேணாம். ரெண்டு வருஷம் முன்னாடி நான் கேட்டப்போ, பக்கிங்கறது மாட்டுக்காரன் வண்டி, காலியா ஓட்டினா தவளை மாதிரி குதிக்கும்னு முக்கால் மணி நேரம் பேசினீங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தவளை வேணாம்."

தன் பேச்சு இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று ராபுலா எதிர்பார்க்கவில்லை.

"அது அப்போ. இப்போ நிதானமா யோசிச்சுட்டேன். தினசரி ஓட்டத்துக்கு அதுதான் சிக்கனம். டயர் விலை கம்மி. என் எடைக்கல்லுப் பெட்டியைப் பின்னால தூக்கிப் போட்டுக்கலாம்."

"அது இப்ப டிக்கியில போகுதே."

"டிக்கியில மூச்சு முட்டுது."

"எடைக்கல்லுக்கா?"

ராபுலா களியை உருட்டினார்.

"சரி, சங்கத்து ஆளுங்க எதுல போவாங்க?" என்றாள் போனோலோ.

"அதான் எனக்கும் வருத்தம்." வருத்தம் முகத்தில் அளவோடு தெரியும்படி பார்த்துக்கொண்டார். "ரெண்டே சீட்டு. நாம என்ன பண்ண முடியும்?"

"பழைய வண்டி, அமோ அப்பா. உங்களுக்குத் தராசு தெரியும். வண்டி தெரியுமா?"

அந்த ஒரு கேள்வி போதும். மறுநாளே ராபுலா லிக்டன்பர்க் சாலையிலிருந்த செபேகோ அம்மாள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பென்சில்.

செபேகோ அம்மாள் எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி, இனி ஓட்ட முடியாது, அதனால் விற்கிறாராம். தேநீரும் ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ராபுலா வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஒன்றரை மணி நேரம் அவருடைய பூட்ஸ் மட்டுமே வெளியே தெரிந்தது.

"தம்பி, உயிரோட இருக்கீங்களா?"

"வலது முன் டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும்மா. சக்கரம் நேரா நிக்கலை."

"எழுதிக்கங்க."

"தொட்டியில ரப்பர் விரிப்புக்கு அடியில துரு."

"அதையும் எழுதிக்கங்க."

எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பாலாடை மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. புகை என்ன நிறம் என்று வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயருகில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது கியர் விழும்போது பல் நறநறத்தது. பிரேக் பிடித்தால் வண்டி இடதுபக்கம் ஒரு பார்வை பார்த்தது. எல்லாம் தாளில் ஏறியது. குறை சொல்லச் சொல்ல முகம் சுளிக்காமல் தேநீர் ஊற்றுகிற வியாபாரியை அவர் இருபத்தாறு வருடத்தில் கண்டதில்லை.

அங்கிருந்தே மனைவிக்கு ஃபோன் செய்தார். மறுமுனையில் போனோலோ சொன்னாள்: "அரை மணி ஓட்டினா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நாலஞ்சு நாள் வெச்சு ஓட்டினாத்தான் புத்தி தெரியும். அதுக்கெல்லாம் யாரு விடுவா?"

செபேகோ அம்மாள் விட்டார். "தாராளமா வெச்சு ஓட்டுங்க தம்பி. திங்கக்கிழமை வந்து சொல்லுங்க." அடகாகத் தன் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கியில் ராபுலா வீடு திரும்பினார். தன் முகத்தில் ஏதோ நம்பிக்கை தருகிற களை இருக்கிறது என்று கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த போனோலோ உதட்டைப் பிதுக்கினாள்.

"காலைல உறைபனியில இது ஸ்டார்ட் ஆகாது."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு ராபுலா எழுந்தார். ஜூன் அங்கே குளிர்காலம்; முற்றத்துப் புல்லெல்லாம் வெள்ளை. முதல் திருப்பில் வண்டி இருமியது. இரண்டாவதில் கிளம்பியது. படுக்கையறை ஜன்னல் வரை போய்ச் சொன்னார்: "ஆயிடுச்சு." உள்ளிருந்து போர்வைக்குள் ஒரு குரல் வந்தது: "ஒரு நாள் ஆகும்." சனிக்கிழமையும் எழுந்தார். அன்றும் ஆயிற்று. இரண்டு நாளையும் குளிர்நிலையோடு சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

"சும்மா காலி வண்டியை ஓட்டிட்டு நல்லா இருக்குன்னா எப்படி?" என்றாள் போனோலோ. "பாரம் ஏத்தினா மூச்சு வாங்கும். என் கோழித் தீவனம் நாலு மூட்டை தாங்குமா?"

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் அறுபது கறிக்கோழி வளர்த்தாள். ஒரு தடவை அதில் பன்னிரண்டைக் காரின் பின் இருக்கையில் ஏற்றியதோடு ராபுலா காருக்குள் இறகு வரவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். சட்டம் காருக்குத்தான். பக்கிக்கு இல்லை. கிடங்குக்குப் போய் நாலுக்குப் பதில் எட்டு மூட்டை ஏற்றினார். லோகாலெங் மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினார். பாரம் விழுந்ததும் தவளை போய் வண்டி தரையோடு தரையாக, பசு நடப்பதுபோல நடந்தது.

"பாத்தியா?"

"மூட்டை சும்மா கிடக்கும். கோழிக்கூடு சரியும்."

கூட்டையும் ஏற்றினார். எட்டுக் கூடு, இரண்டு அடுக்கு, கயிறு போட்டுக் கட்டினார். சரியவில்லை. எந்தக் கொக்கியில் எந்த முடிச்சு நிற்கிறது என்று தாளில் படமே வரைந்துவிட்டார்.

"பெட்ரோல் குடிக்கும்."

முத்திரை போட்ட தன் அரசாங்க அளவுக் குவளையை எடுத்தார். பெட்ரோல் டேங்க்கில் விளிம்பு வரை ஊற்றி, கறிக்கடை, அலுவலகம், கிடங்கு, வீடு என்று இரண்டு நாள் தினசரி ஓட்டம் ஓடி, மறுபடி விளிம்பு வரை ஊற்றினார். கார் குடித்ததில் முக்கால் பங்குதான் குடித்திருந்தது. போனோலோ அந்த எண்ணை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு பக்கத்து வீட்டு டின்ட்வே வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ராபுலாவைவிடப் பத்து வயது பெரியவர்.

"பக்கி வாங்கிட்டியா ராபுலா?"

"இன்னும் இல்ல அண்ணே. ஓட்டிப் பாக்கறேன்."

"கோடித் தெருவுல சாவு. விறகு எடுக்கணும்."

"வண்டி இன்னும் என்னுது இல்லையே அண்ணே."

"செத்தவரும் உன் ஆளு இல்ல. வா."

விறகு ஒரு நடை. முக்காலி அண்டா ஒரு நடை. நாற்காலி இரண்டு நடை. கடைசியில் யாரோ ஒருவர் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு ராபுலா வீட்டுக்குள் வந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றாள் போனோலோ. "இனிமே ஊர்ல எந்த வீட்டுல எதுன்னாலும் நம்ம வாசல்லதான் நிப்பாங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

முதுகு அவளோடு ஒத்துப்போனது. ஆனால் மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றைப் பார்க்காமல் விடுவதா?

"நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கறது தப்பா?" என்றார் ராபுலா.

ஞாயிறு காலை சிவப்புச் சட்டைகள் மூன்றும் வாசலுக்கு வந்தன. பக்கியைப் பார்த்தன. ராபுலா கதவைத் திறந்து உள்ளே கையைக் காட்டி விளக்கினார். ஒரு சீட்டு, இரண்டு சீட்டு, அவ்வளவுதான். அடிக்குரல் அம்மாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்றைய ஆடு அங்கே சில அடையாளங்களை விட்டுப் போயிருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள், ஆள் சேர்த்து ஏற்றிப்போகும் கோம்பி வேன் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். போனோலோவும் கூடவே போனாள்.

மூன்று மணிக்கு ராபுலா காலை நீட்டி, மடியில் வறுகடலையோடு, தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தார். தொண்ணூறு நிமிடமும் பார்த்தார். ஆட்டம் சைபருக்கு சைபர். இருந்தாலும் அதைப்போல ஓர் ஆட்டத்தை அவர் கண்டதில்லை.

திங்கட்கிழமை மாலை வரை போனோலோ தன் பிடியை விடவில்லை.

"எல்லாம் சரி. ஆத்திர அவசரத்துக்கு நான் எடுத்து ஓட்ட முடியுமா? கிளட்ச் கல்லு மாதிரி இருக்குமே."

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. காரில் கை வைக்கத்தான் அவர் விட்டதில்லை. கிளட்ச் தேய்ந்துவிடும் என்பார்.

"கல்லா? பஞ்சு. ஏறி உக்காரு."

இரண்டாவது கியரில் ஒரு நொடி தாமதித்தால் பல் நறநறக்காது என்று சொல்லிக்கொடுத்தார். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கை வலதுபக்கம் லேசாகப் பிடிக்கச் சொன்னார். போனோலோ தெருமுனை வரை போய்த் திரும்பி, குறுகிய கேட்டுக்குள் ஒரே மூச்சில் பின்பக்கமாக உள்ளே விட்டாள். அதே கேட்டில் உள்ளே விட ராபுலாவுக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டிருந்தது.

"பாத்தியா, எவ்வளவு சுலபமான வண்டி," என்றார்.

போனோலோ ஸ்டீயரிங்கை ஒரு தடவை மெல்லத் தடவினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி. நீங்க இவ்வளவு சொல்றீங்க. வாங்கிடலாம்."

ராபுலா ஜெயித்துவிட்டார். போனோலோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, லிக்டன்பர்க் சாலை முழுவதும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

செபேகோ அம்மாள் வீட்டில் மேசைமேல் ரஸ்க்கும் தேநீரும் தயாராக இருந்தன. வாசலில் அவருடைய கார் கழுவித் துடைத்து நின்றது. ராபுலா தாளை விரித்தார். டயர், துரு, கியர், பிரேக், ஒழுகும் கதவு ரப்பர். மொத்தம் பதினேழு குறைகள். ஒவ்வொன்றுக்கும் சரிசெய்ய என்ன ஆகும் என்பதும் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

செபேகோ அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பதினேழா? போனோலோ பத்துப் பன்னெண்டு வரும்னுதான் சொன்னா."

ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்த ராபுலாவின் கை தேநீருக்கு மேலேயே நின்றது.

"எந்த போனோலோ?"

"எத்தனை பேர் இருக்காங்க தம்பி? இதோ உக்காந்திருக்காளே." கிழவி மனைவியின் பக்கம் திரும்பினார். "சொல்லிடலியா நீ இன்னும்?"

"இங்க வந்து சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள் போனோலோ.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியுமா?"

"சங்கத்துல எனக்கு முன்னாடி அம்மாதான் செயலாளர்."

"அப்ப அந்தச் சீட்டு?"

"நான்தான் கறிக்கடையில ஒட்டச் சொன்னேன். புதன்கிழமைதோறும் அந்தத் தராசை அரை மணி நேரம் முறைச்சுப் பாக்கறீங்க. அதுக்கு எதிர்ல ஒட்டினா கண்ணுல படாம போகாது."

நனைந்த ரஸ்க் இற்றுக் கோப்பைக்குள் விழுந்தது.

"நீ வேணாம் வேணாம்னு சொன்னியே, அமோ அம்மா."

"வேணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லிப் பாத்தேன். முக்கால் மணி நேரம் பேசினீங்க. வேணாம்னு சொன்னேன். ரெண்டு நாள் உறைபனியில எந்திரிச்சு, மூட்டை தூக்கி, கூடு கட்டிக் காட்டினீங்க. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்திருந்தா பானெட்டைத் திறந்து மூடிட்டுப் போயிருப்பான். முடிச்சுக்குப் படம் போட்டுக் குடுப்பானா?"

"அப்ப உனக்கு எதுக்கு இது?"

"கோழிக்குத்தான். மூணு பள்ளிக்கூடமும் ஒரு கல்யாண மண்டபமும் வாரா வாரம் கேக்கறாங்க. எப்படிக் கொண்டு போறது? கோம்பியில கூட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கறாங்க. மடியில வெச்சுக்கிட்டாலும் எனக்கும் சேத்து ரெண்டு. நிறுத்தத்துல கூட்டோட நின்னு நின்னு இந்தத் தோள் இறங்கிப்போச்சு."

அவள் குரல் உயரவில்லை. வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். ராபுலாவுக்கு ஒரு காலைவேளை ஞாபகம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில், கோம்பி நிறுத்தத்தில், கால்மாட்டில் கூட்டோடு அவள் நின்றாள். அவர் காருக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக் கையசைத்தார். நன்றாக, அன்பாகத்தான் கையசைத்தார். அவளும் அசைத்தாள்.

அவர் கோப்பைக்குள் பார்த்தார். ரஸ்க் அடியில் படிந்திருந்தது.

"வண்டி நல்ல வண்டி," என்றார் கடைசியில். "அந்த டயரை மட்டும் இந்த வாரமே மாத்திடு."

"மாத்திடறேன்."

"காரை வித்தாத்தானே இதுக்குப் பணம்?"

"பணம் என் கோழிப் பணம். காரை எதுக்கு விக்கணும்? பக்கியில ரெண்டே சீட்டுன்னு நீங்கதானே வாசல்ல நின்னு எல்லாருக்கும் கையைக் காட்டி விளக்கினீங்க. அப்புறம் சங்கத்து ஆளுங்க எதுல வருவாங்க?"

"வர்ற ஞாயிறு டிசானெங் சபை," என்றார் செபேகோ அம்மாள். "முழங்காலோட கோம்பியில ஏற முடியலைன்னு நான் வர்றதையே விட்டுட்டேன். இனிமே போனோலோ பக்கியில அண்டாவை ஏத்திட்டு முன்னாடி போயிடுவா. உங்க பக்கத்துல ஒரு சீட்டு காலி. நான் நல்லா பாடுவேன் தம்பி."

பதினேழு குறைகளுக்கும் சேர்த்து விலையைக் குறைக்க இரண்டு பெண்களுக்கும் இரண்டு நிமிடம் ஆயிற்று. ராபுலாவின் தாளைப் பார்த்துப் பார்த்துப் போனோலோ சொன்னாள், கிழவி தலையாட்டினார். பிறகு அலமாரியிலிருந்து ஒப்பந்தம் வந்தது. அழகான, சாய்ந்த கையெழுத்து. செயலாளர் போனோலோவின் கையெழுத்து. மே மாதத் தேதி, ராபுலா பல் துலக்கியபடி முடிவெடுத்ததற்கு முந்தையது. வாங்குபவர் போனோலோ மொடிசே, விற்பவர் செபேகோ அம்மாள். விலையை எழுதினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போனோலோ தாளை மேசைமேல் திருப்பி மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

அடியில் 'சாட்சி' என்று போட்டிருந்த கோடு ஒன்றுதான் காலியாக இருந்தது. ராபுலா அதில் கையெழுத்துப் போட்டார்.